தெரேசாவின் பேரைக் கூப்பிடாத மூன்று காலைகள்

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் நின்றிருப்பார்கள். பனி இன்னும் விலகவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு அன்றைய மலைக்கு நடந்தார்கள். கடைசியில் களத்தில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றைப் போட்டு, எல்லாம் தயாராக நின்றாள். அவள் பேரை அவர் கூப்பிடவில்லை. புத்தகத்தை மூடி, தொண்டையைச் செருமி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தெரேசா. எங்கள் தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவள்.

அதே நேரத்தில் நான் மேலே ரோட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை இல்லை. தூறல்கூட இல்லை. ஆனாலும் குடையை விரித்து, களத்துப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் பேர் விடுபட்டுப் போனதற்குக் காரணம் நான்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் கெட்டிக்காரியாகவும் நிறைய நல்லவளாகவும் காட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போன வாரம் ஒரு வாசகி, "டீச்சரின் துணிச்சல் எல்லாருக்கும் வருமா?" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஆகையால் இந்த வாரம் அந்தக் குடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நிரை பிரித்துப் படித்தோம்

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். மாதா கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிள்ளைகளும் போன பிறகு, அந்த அறை எங்கள் வாசகர் வட்டத்துக்கு. வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தொடங்கும்போது பதினொரு பேர். முதல் மாதம் முடிவதற்குள் நாலே பேர்.

என்னைச் சேர்த்துத்தான் நாலு. செல்லையா அண்ணன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதியோடு வந்து, மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சரியாக அதற்குக் கீழேயே உட்காருவார். நிரோஷன் தலவாக்கலையில் போன் திருத்தும் கடையில் வேலை பார்க்கும் இளைஞன். நாலாவது ஆள் தெரேசா. அவள் பதினோராம் வகுப்பு, அதாவது சாதாரண தரம் வரைக்கும் படித்தவள். வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயைத் துடைத்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள்.

நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலின் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, டீச்சரின் மொழிபெயர்ப்பு லட்சணம் இதுதானா என்று கடிதம் போடுவீர்கள். ஐரோப்பாவில் யாரோ எழுதியது, வரப்போகும் கெட்ட காலத்தைப் பற்றி. எழுதியவர் காலமாகி எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்னும் பெரிய பெரிய இடங்களில் அதைப் பற்றிப் பேசுகிறார்களாம். நீர்கொழும்புக்கு மாற்றலாகிப் போன ஒரு சிஸ்டர், அட்டை கிழிந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் விட்டுப் போனார்.

லீவு நாட்களில் அதைத் தமிழில் எழுதினேன். எழுதிய கொப்பி ஒன்றுதான். அதை நாலு பேர் எப்படிப் படிப்பது? தெரேசாதான் வழி சொன்னாள்.

"மலையில நிரை பிரிச்சிக் குடுக்கிற மாதிரி குடுங்க டீச்சர். ஆளுக்கு ஒரு நிரை. முடிச்சவங்க அடுத்தாளுக்குக் கைமாத்தி விடுவோம்."

தேயிலை மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை ஒதுக்குவார்கள். அதுதான் நிரை. தன் நிரையை முடித்தவள் பக்கத்து நிரைக்காரிக்குக் கை கொடுப்பதும் உண்டு. அப்படியே கொப்பியின் தையலைப் பிரித்து ஆளுக்குப் பத்துப் பதினைந்து பக்கமாகக் கொடுத்தேன். வாரா வாரம் கைமாறும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கருத்துச் சொல்லுவோம்.

கதையும் என் வாத்தியார் புத்தியும்

கதை இதுதான். ஒரு நகரம். விடிந்ததும் நடு ஊரில் இருக்கும் கோபுரத்திலிருந்து எல்லார் பேரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால்தான் அன்றைக்கு நீ ஆள். கூப்பிடாவிட்டால் உனக்கு ரொட்டி கிடையாது, உன்னோடு யாரும் பேசக் கூடாது, எதிரே வந்தாலும் பார்க்காதது போலப் போக வேண்டும். ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொழுது சாய்ந்து மணி அடித்தால் அவரவர் அறையில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கதாநாயகன் அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, பக்கத்து அறைப் பெண்ணோடு பேசுகிறான். பெரிய ராஜத் துரோகம் ஒன்றும் இல்லை. தலைவலி எப்படி இருக்கிறது, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான். அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் காவலாளி பார்த்துவிடுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்கிறார்கள். அவன் சொல்லிவிடுகிறான். மறுநாள் காலையில் அவள் பேர் கூப்பிடப்படவில்லை.

இதை இப்படியே எழுதியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் கோபுரம், காவலாளி என்று எழுதினால் தோட்டத்தில் யாருக்குப் புரியும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லிச் சொல்லி வந்த புத்தி. கோபுரத்தைப் பெரட்டுக் களம் ஆக்கினேன். நகரத் தலைவன் பெரிய துரை ஆனான். காவலாளி கண்டாக்கு ஆனான். கதாநாயகனுக்கு அந்தோனி என்றும், பக்கத்து அறைக்காரிக்கு மரகதம் என்றும் பேர் வைத்தேன். போதாததற்கு, "கண்டாக்குக்கு முகத்தில் இரண்டு கண், முதுகில் இரண்டு கண்" என்று மூலத்தில் இல்லாத வரியை வேறு சேர்த்தேன்.

நிரோஷன் படித்துவிட்டு, "டீச்சர், அப்படியே நம்ம தோட்டத்துக் கதை மாதிரி இருக்கே!" என்றான். பாராட்டுகிறான் என்று நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

யார் என்ன சொன்னார்கள்

உலகமே படித்துப் பயந்த நாவல் அது. எங்கள் அறையில் முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம்.

"சுவத்துல ஓட்டை போட்டானாமா?" தெரேசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம லயத்துல நான் இருமினா அடுத்த காம்பரால இருந்து கொத்தமல்லித் தண்ணி வருது. இவன் என்னத்துக்கு டீச்சர் கஷ்டப்பட்டு ஓட்டை போட்டான்?"

காம்பரா என்றால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற அறை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டுச் சண்டைக்கு எங்கள் வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லுவார் என் தகப்பனார். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் எங்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

நிரோஷன் வேறு மாதிரி சொன்னான். "கோபுரமெல்லாம் இப்ப தேவையில்ல டீச்சர். அத நாமளே வாங்கிப் பைக்குள்ள வச்சிருக்கோம். எங்க போறோம், யார்கூடப் பேசுறோம், எல்லாம் அதுக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற எடத்துலகூட கேமரா வரப் போகுதாம். இந்தக் கதை நேத்து எழுதுன மாதிரி இருக்கு."

செல்லையா அண்ணன் தலையை ஆட்டினார். "தம்பி, இது நாளைக்கும் இல்ல, நேத்தும் இல்ல. அதுக்கும் முந்தி. எங்கப்பா சாகுற வரைக்கும் எந்த நாட்டுக் குடியுரிமை இடாப்புலயும் அவரு பேரு இல்ல. இந்தியாவும் கூப்பிடல, இலங்கையும் கூப்பிடல. பேரே கூப்பிடாத மனுசன் அறுவது வருசம் இந்த மலையில முள்ளு குத்தி மண்ணப் பெரட்டுனாரு. இத எழுதுனவரு நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, வரப்போற காலம் இல்லீங்க, போன காலம்னு சொல்லியிருப்போம்."

பிறகு அவரே சிரித்தார். "ஆனா நானும் ஒரு வேவுக்காரன்தான் டீச்சரம்மா. படிக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் கடுதாசியப் பிரிச்சிப் படிச்சிக் காட்டுனது நான். யாரு வீட்டுல என்னா நடக்குதுன்னு தொரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்திருந்தா பாதி லயம் அடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கும்."

இப்படி ஒரு நாவலைப் படிப்பதற்கு இப்படிப்பட்ட நாலு பேர் வேண்டும். பட்டணத்தில் குளிரூட்டிய மண்டபங்களில் நடந்த கூட்டங்களுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே எல்லாரும் ஒரே கருத்தை வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

எங்களுக்குள் பெரிய தகராறு வந்தது அந்தோனியைப் பற்றித்தான். மரகதத்தின் பேரைச் சொல்லிவிட்டானே, அவனைப் பற்றி.

"கோழை," என்றேன் நான். மேசையில் தட்டியே சொன்னேன். "முதுகெலும்பில்லாதவன். தன் வயிறு நிறைஞ்சா போதும்னு அவளக் காட்டிக் குடுத்துட்டான். நானா இருந்தா நாக்கக் கடிச்சிக்கிட்டுச் செத்திருப்பேன்."

தெரேசாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பாவங்க அவன். நாலு பேரு சுத்தி நின்னுக்கிட்டுக் கேட்டா யாருக்குத்தான் வாய் வராது? நானா இருந்தா மொதக் கேள்விக்கே சொல்லியிருப்பேன்."

"நீ இளகின மனசுக்காரி," என்று சொல்லிப் பேச்சை முடித்தேன். அந்தப் பகுதியை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டு, பதினாலு பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

கொழுந்தோடு கொட்டிய கதை

மறுநாள் திங்கட்கிழமை. தெரேசா அந்தப் பக்கங்களை மடித்து இடுப்புச் சாக்கில் செருகிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள், தேநீர் நேரத்தில் படிக்கலாம் என்று. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சாக்கு நனைகிறது. பொலித்தீன் பை ஒன்றில் பக்கங்களைச் சுற்றி, கூடைக்குள் கொழுந்துக்கு அடியில் வைத்தாள். மழைக்கு அதுதான் பத்திரமான இடம்.

மழை விட்டதும் விட்ட வேலையை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டாள். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கூடையைக் கவிழ்த்தபோது கொழுந்தோடு பொலித்தீன் பையும் விழுந்தது. கொழுந்துக்குள் கல்லோ குச்சியோ கிடந்தால் அதுவே குற்றம். கண்டாக்கு ஐயா பையை எடுத்துப் பிரித்தார். கண்ணில் பட்ட முதல் வரி, "கண்டாக்குக்கு முகத்தில் இரண்டு கண், முதுகில் இரண்டு கண்."

அடுத்த பக்கத்தில், "நாளையிலிருந்து யாரும் பெரட்டுக் களத்துக்குப் போக மாட்டோம்" என்று ஒரு கிழவன் சொல்லுகிறான். ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து அளவைக் கூட்டப் போகிறார்கள் என்று அந்த வாரம்தான் தோட்டத்தில் முணுமுணுப்பு எழுந்திருந்தது. இந்த நேரத்தில் கூடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதி. அவர் அதைத் துண்டுப் பிரசுரம் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"யாரு எழுதுனது?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார்.

"கதைங்க ஐயா," என்றிருக்கிறாள் தெரேசா.

"கதை சரி. யாரு எழுதுனது?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. எழுதியவர் யார் என்று தெரியும் வரை அவளுக்கு வேலை இல்லை, விசாரணை நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணையில் வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். வேலைக்காரருக்குத்தான் காம்பரா. தெரேசாவின் புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். அந்தக் காம்பராவில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான் இருந்தார்கள்.

குடைக்கு அடியில்

திங்கட்கிழமை பின்னேரமே செல்லையா அண்ணன் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "தெரேசா ஒங்க பேரச் சொல்லல டீச்சரம்மா," என்று அழுத்திச் சொன்னார். நான் அவருக்குப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நாளைக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போகவில்லை. எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. தோட்டத்துக்கு எதிராகப் பிரசுரம் எழுதினாள் என்று கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் போனால் போதும், எங்கேயாவது கண் காணாத இடத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். ஆறப் போட்டால் தானாக அடங்கிவிடும், நான் போய் நின்றால்தான் பெரிதாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பள்ளிக்கூட அலுமாரியில் கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். பிறகு குடையை விரித்தேன்.

நான் மட்டும் இல்லை. போன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கு வகுப்பெடுத்த நிரோஷன், திங்கட்கிழமையே எங்கள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவை அழித்துவிட்டான். செல்லையா அண்ணன் தன் நிரைப் பக்கங்களை அரிசி டின்னுக்குள் புதைத்தார். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். செவ்வாய்க்கிழமை காலையில் வேலை இல்லாமல் களத்தில் நின்ற தெரேசாவிடம் போய், எல்லாரும் பார்க்க ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்துவிட்டு வந்தார். லயத்துப் பெண்களும் அவளுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்களாம்.

வேலை நிறுத்திய பிறகும் ஏன் தினமும் களத்துக்கு வந்து நிற்கிறாய் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "நான் வந்தேங்கிறது அவங்களுக்குத் தெரியணுமில்ல," என்று சொன்னாளாம்.

புதன்கிழமையும் குடையோடுதான் போனேன். முதல் பாடத்துக்கு முன்னால் வரவு இடாப்பை விரித்துப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டேன். தெரேசாவின் சின்ன மகள் பிரியா என் வகுப்பில்தான் படித்தாள். அவள் பேர் வந்ததும் இருமுவது போல நடித்துச் சமாளித்தேன். "வந்திருக்கேன் டீச்சர்," என்றாள் அவள்.

இடைவேளையில் பிரியா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அம்மா ஒங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாங்க. அம்மா யாருகிட்டயும் ஒன்னும் சொல்ல மாட்டாங்களாம். நீங்க பயந்துக்க வேணாமாம்."

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. வேலையும் கூரையும் போகப் போகிறவள், எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை நான் திறக்கவில்லை.

இன்னொரு வாசகர்

வியாழக்கிழமை காலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குள் போனேன். நல்ல மழை. குடையை வீட்டிலேயே விட்டுவிட்டேன், கையில் இருந்தால் மறுபடியும் ரோட்டைப் பார்த்து நடந்துவிடுவேன் என்ற பயத்தில். பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். தெரேசா வழக்கம்போலத் தனியாக நின்றாள். நனைந்த சேலையோடு கண்டாக்கு ஐயா முன்னால் போய் நின்றேன்.

"அத எழுதுனது நான்தாங்க," என்றேன். "தெரேசாவுக்குச் சம்பந்தம் இல்ல. படிக்க மட்டுந்தான் குடுத்தேன்."

மலைக்கு நடக்கத் தொடங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் என்னையே பார்த்தார். "ஒபிசுக்கு வாங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

ஒபிசில் சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், இருந்தார். சிங்களப் பையன், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "மேக கதாவக்த?" என்று கேட்டார், இது கதையா என்று. கதைதான் என்றேன். என் பதினாலு பக்கத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்டாக்கு இதில் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"இதுல இல்ல சேர். நான் போட்டது," என்றேன்.

சின்னத் துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டாக்கு ஐயா சிரிக்கவில்லை. பெருமாள் என்பது அவர் பேர். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே லயத்தில் வளர்ந்து, கஷ்டப்பட்டு அந்த வேலைக்கு வந்தவர்.

"டீச்சர், மூணு நாளா இதப் படிச்சேன்," என்றார். "மொதல்ல கோவத்துல படிச்சேன். அப்புறம் எங்க வீட்டுக்காரிக்கும் வாசிச்சிக் காட்டுனேன். ஒரு விசயம் கேக்கவா?"

"கேளுங்க."

"அந்தோனிக்குப் பேரு இருக்கு. மரகதத்துக்குப் பேரு இருக்கு. ரொட்டிக் கடைக்காரனுக்குக்கூட ஒரு பேரு வச்சிருக்கீங்க. கண்டாக்குக்கு மட்டும் பேரே இல்லீங்களே, ஏன்?"

மூலத்திலும் அவனுக்குப் பேர் இல்லை. மற்ற எல்லாவற்றையும் மாற்றிய நான் அதை மட்டும் மாற்றவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். "நான் எந்த மலையில நிக்கிறேன்னு மணிக்கு ஒருதரம் படம் எடுத்து மேல அனுப்பணும். ரெண்டு நிமிசம் பிந்துனா போன் வரும். என் முதுகுல கண்ணு இல்லீங்க டீச்சர். என் முதுகப் பாக்குறவங்கதான் இருக்காங்க."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேசிய எதையும்விட அந்த நாவலைப் பற்றிய நல்ல கருத்து அது. மன்னிச்சிக்கிங்க பெருமாள் ஐயா என்றேன். முதல் தடவையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

இது கதைதான், எழுதியது நான்தான் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணை இல்லை என்று சின்னத் துரை சொல்லிவிட்டார். கல்விக் கந்தோருக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. நான் பயந்து நடுங்கியதில் ஒன்றுகூட நடக்கவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய அவமானமாக இருந்தது.

வாசல் வரைக்கும் வந்த பெருமாள் ஐயா, தயங்கித் தயங்கி, "அந்த ஆளுக்கு ஏதாச்சும் ஒரு பேரு வச்சிருங்க டீச்சர்," என்றார். "என் பேரு வேணாம்."

வெள்ளிக்கிழமை காலையில் குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டில் நின்று பார்த்தேன். "தெரேசா" என்று கூப்பிட்டார். "ஆமாங்க" என்று ஒரு சத்தம், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி. போன மூன்று நாள் போனதுதான். அதை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.

மறுபடியும் அந்தோனி

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்தோம். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். செல்லையா அண்ணனின் பக்கங்களில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. கடைசி நிரையை நான் வாசித்தேன். மரகதம் எங்கே போனாள் என்று நாவல் சொல்லவில்லை. அந்தோனி தினமும் சுவர் ஓட்டையில் வாயை வைத்துக் கூப்பிடுகிறான், பதில் வரவில்லை என்பதோடு முடிகிறது.

எப்போதும்போல ஆளுக்கு ஒரு கருத்து. முதலில் என் முறை. எழுந்து நின்றே சொன்னேன்.

"அந்தோனியக் கோழைன்னு சொன்னேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன். அவன்கிட்ட நாலு பேரு கேட்டாங்க, பயத்துல சொல்லிட்டான். என்கிட்ட யாருமே கேக்கல. ரெண்டு நாளு நான் குடையப் புடிச்சிக்கிட்டு நடந்தேன். அவனப் பேச எனக்கு வாய் இல்ல. பாவம் அவன். தெரேசா சொன்னதுதான் சரி. தெரேசா, என்ன மன்னிச்சிக்க."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். செல்லையா அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரேசா எழுந்து வந்து, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுடைய உள்ளங்கையில் தேயிலைக் கறை கோடு கோடாக இருந்தது.

"நீங்க வந்தீங்கதான டீச்சர். அது போதும். ஒங்க மேல எனக்கு ஒன்னும் இல்ல."

பிறகு தன் முறைக்குக் கருத்துச் சொன்னாள். நான் அவளிடமிருந்து எதிர்பார்த்த கருத்து இல்லை அது.

"ஆனா அந்தோனியப் பத்தி நான் முந்திச் சொன்னது தப்பு. யாரா இருந்தாலும் சொல்லிருவாங்கன்னு சொன்னேனே, அது சரியில்ல. என்கிட்டயும் நாலு பேரு சுத்தி நின்னு கேட்டாங்க. புள்ளைங்க நெனப்பு வந்துச்சி. காம்பரா போயிருமேன்னு இருந்துச்சி. சொல்லாம இருக்கலாம் டீச்சர். கஷ்டந்தான். ஆனா இருக்கலாம். நான் இருந்து பாத்துட்டேன்."